காட்டில் ஓர் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

முகாம் என்று சொன்னால் நமது தோட்டங்களில் பெரியவர்களுக்கு நினைவு வருவது வேறு. மழை பிடித்து மண் சரிந்தால் லயத்தை விட்டு இறங்கி, பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பாய் போட்டுப் படுத்திருப்போமே, அதுதான் நமக்கு முகாம். ஆகவே அண்மையில் ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, மகன் கூட்டாளிமாரோட மேல காட்டுல கூடாரம் அடிச்சுத் தங்கப் போறேங்கிறான். வீடு வாசல் இருக்கையில எதுக்குக் காட்டுல போய்ப் படுக்கணும்? விடலாமா, வேணாமா?" என்று கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

விடலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் சும்மா விடக்கூடாது, சில விஷயங்களைச் சொல்லிக் கொடுத்து விட வேண்டும் என்றேன். அந்த விஷயங்களையே இங்கே எழுதுகிறேன். கொழும்பிலே கடைகளில் வேலை செய்துவிட்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் ஊர் வருகிற பிள்ளைகள் இப்போது கூடாரத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேரே மலைக்கு ஏறுகிறார்கள். காட்டோரத்திலே பிறந்தவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விறகுக்குப் போகிற அம்மாவுக்குத் தெரிந்த காடு மகனுக்குத் தெரியாது. அம்மா பகலில் போய் பகலிலேயே திரும்பி வருகிறவள். இரவு அங்கே தங்குவது இன்னொரு கதை.

நமக்கும் மலைக்கும் வேலை மட்டும்தான் உறவு என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியூர்க்காரரும் வெள்ளைக்காரரும் பணம் செலவழித்து வந்து பார்க்கிற மலையை அதன் அடியிலே குடியிருக்கும் நாம் ஏன் பார்க்கக்கூடாது? சிவனொளிபாதமலைக்குப் பருவகாலத்தில் குடும்பத்தோடு ஏறி, வழியில் அம்பலத்தில் படுத்து, விடியற்காலையில் உதயம் பார்த்து இறங்குவது நமது பழக்கம்தானே. அதுவும் ஒரு வகையில் இந்தப் பொழுதுபோக்குதான். வேறு எங்கும் போகாத நமது பெண்கள்கூட அங்கே போவார்கள். ஆனால் கூடாரம் என்று வந்ததும் ஆண் பிள்ளைகள் மட்டும் போகிறார்கள். வருஷம் முழுவதும் கூடையைச் சுமக்கிறவர்களுக்கும் ஒரு நாள் கூடை இல்லாமல் மலை ஏறிப் பார்க்க ஆசை இருக்கும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

மேலே காடு ஏன் மிஞ்சியது?

நமது தேயிலை மலைகளின் கடைசி நிரைக்கு மேலே காடு தொடங்குகிறது. அது தற்செயலாக மிஞ்சிய காடு அல்ல. கோப்பிக் காலத்தில் வெள்ளைக்காரர் மலை மலையாக வெட்டிச் சாய்த்துக்கொண்டு மேலே போனார்கள். அப்போது இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர் என்ற அறிஞர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டில் கை வைக்கக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். 1873இல் அரசாங்கம் அப்படியே கட்டளை போட்டது. முழுக்க முழுக்கக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், இன்று மலை உச்சிகளில் காடு இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

அந்தக் காட்டிலே மரங்கள் குட்டையாக, வளைந்து, உடம்பெல்லாம் பாசி பிடித்து நிற்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத மரம் மாதிரி இருக்கும். ஆனால் மழை இல்லாத நாளிலும் மேகம் வந்து மோதும்போது அந்தப் பாசியும் இலையும் மேகத்திலிருக்கும் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. மண் அதைப் பஞ்சு போல வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஊறும் தண்ணீர் மகாவலிக்கும் களனிக்கும் வளவை கங்கைக்கும் போகிறது. பெரிய கங்கை இருக்கட்டும், நமது மேட்டு லயத்துப் பீலியில் மார்ச் மாத வெயிலிலும் தண்ணீர் விழுகிறது என்றால் மேலே இருக்கும் காட்டுத்துண்டுதான் காரணம். எனவே காட்டிலே நாம் என்ன செய்கிறோமோ அது நமது பீலிக்கு வந்து சேரும். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்கள் தானாகவே விளங்கும்.

2010ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் காடு ஆகிய மூன்றையும் சேர்த்து இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. உலகமே காப்பாற்ற வேண்டும் என்று எழுதி வைத்த காடு நமது கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

எங்கே தங்கலாம், யாரைக் கேட்க வேண்டும்?

"காடு யாருக்கு ஐயா சொந்தம்? நாங்க சின்னதிலிருந்து போற எடம்தானே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். காடு மூன்று வகையான கைகளில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது, சுமார் 3,160 ஹெக்டேயர். அது வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழே வருகிறது. அங்கே டிக்கட் எடுத்துப் போய், போட்டிருக்கும் பாதையில் நடந்து, உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்து வரலாம். சுற்றி வர ஒன்பது கிலோமீற்றர் அளவு. வாசல் திறந்த உடனேயே நடக்கத் தொடங்குங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போனால் உலக முடிவில் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். இரவு தங்குவதானால் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் தங்க வேண்டும். நினைத்த இடத்தில் கூடாரம் அடித்தால் பூங்கா உத்தியோகத்தர்கள் பிடித்து வழக்குப் போடுவார்கள்.

நக்கிள்ஸ் காடு, இன்னும் நமது தோட்டங்களை ஒட்டியுள்ள பல ஒதுக்குக் காடுகள், வனவளத் திணைக்களத்துடையவை. நாம் வன இலாகா என்று சொல்வது இதைத்தான். அங்கே இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், நக்கிள்ஸில் வழிகாட்டி ஒருவரோடு போவதுதான் புத்தி. மூன்றாவது, தோட்டத்துக்குச் சொந்தமான காட்டுத்துண்டும் புல்மலையும். பலருக்கு இது தெரிவதில்லை. தியலும நீர்வீழ்ச்சியின் மேல் பக்கம் போல பிரபலமான இடங்களுக்குப் போகும் வழிகள்கூட தேயிலைக்குள்ளால்தான் போகின்றன. அங்கே துரையிடமோ அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை. கேட்காமல் போய் இரவில் காவல்காரனிடம் அகப்பட்டால் திருடன் என்ற பெயர் வரும்.

முதல் தடவை போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, காட்டுக்குள்ளே போகாமல் அனுமதி உள்ள ஒரு புல்மலையில், தோட்ட வீதியிலிருந்து ஒரு மணித்தியால நடைக்குள் இருக்கும் இடத்தில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள் என்பதுதான். அங்கே தெரிந்துவிடும் யாருக்கு இது சரிப்படும், யாருக்குச் சரிப்படாது என்று.

எப்போது போவது என்பதும் இடத்தைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, தலவாக்கலைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, நக்கிள்ஸின் கிழக்குப் பக்கத்துக்கு வடகீழ் பருவமழை டிசெம்பர், ஜனவரியில் வரும், ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்து கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் ஊவாவில் காற்று கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போகும், காட்டுத் தீயும் அந்தக் காலத்தில்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எல்லாப் பக்கமும் பின்னேரங்களில் இடி மின்னல். உச்சியிலோ தனி மரத்தடியிலோ நிற்கக்கூடாத காலம்.

மண்சரிவு எச்சரிக்கை விடப்பட்ட பிரதேசத்துக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் போகாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நமது மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிலத்தில் புதிதாக வெடிப்பு இருந்தால், சாய்ந்த மரங்கள் இருந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோனால் அந்தச் சரிவிலே ஒரு நிமிஷமும் இருக்கக்கூடாது.

குளிர் செய்யும் வேலை

"நாங்க குளிர்லயே பொறந்தவங்க" என்ற பேச்சு நம்மிடம் உண்டு. லயத்துக் காம்பராவில் அடுப்பு எரிகிறது, கம்பளி இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் படுத்திருக்கிறார்கள். மலை உச்சியில் அது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். கொழும்பில் 30 பாகை என்றால் 2,000 மீற்றர் உயரத்தில் 17 அளவுதான் இருக்கும், அதுவும் பகலில். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் இரவில் பூச்சியப் பாகைக்குப் போய் உறைபனி விழும். கொழுந்து கருகிப் போவதை அந்தப் பக்கத்துத் தோட்டத்தார் கண்டிருப்பீர்கள். கொழுந்தையே கருக்குகிற குளிர் மனிதனை விடுமா?

ஆளை அடிப்பது வெறும் குளிர் அல்ல. குளிர், ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. பருத்திச் சட்டையும் டெனிம் காற்சட்டையும் நனைந்தால் இலேசில் காயாது. நனைந்த துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் நடுக்கம் வரும். பிறகு கை விறைத்து, பொத்தான் போட முடியாமல் போகும், பேச்சு குழறும், "கொஞ்சம் உட்கார்ந்துட்டு வாறேன், நீங்க போங்க" என்று சொல்வான். அந்த வார்த்தையைக் கேட்டால் விட்டுப் போகாதீர்கள். நடுக்கம் நின்றால் சுகமாகிவிட்டது என்று அர்த்தம் அல்ல, நடுங்குவதற்குக்கூட உடம்பில் சூடு இல்லை என்று அர்த்தம். உயிர் போவது இதற்குப் பிறகுதான்.

அப்படிப்பட்டவரைக் காற்று படாத இடத்துக்குக் கொண்டு போய், ஈரத் துணியைக் களைந்து, காய்ந்த துணி உடுத்தி, தலையையும் காதையும் மூடி, கம்பளியால் சுற்றி, அதற்கு மேலே பொலித்தீனால் போர்த்துங்கள், முகத்தை மட்டும் மூடாதீர்கள். கீழே நிலத்தின் குளிர் ஏறாமல் எதையாவது தடிப்பாக விரியுங்கள். இன்னொருவர் பக்கத்தில் ஒட்டிப் படுத்தால் அந்தச் சூடும் உதவும். நன்றாக நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி அதிகம் போட்ட சாயத்தண்ணி கொடுக்கலாம். கை காலைத் தேய்க்கவோ நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டு போய் வைக்கவோ வேண்டாம்.

சாராயம் குடித்தால் சூடு வரும் என்பது நமது மலைகளில் ஊறிப்போன நம்பிக்கை. உண்மை அதற்கு நேர் எதிரானது. மதுபானம் தோலின் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்க வேண்டிய சூட்டு இரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது, அதனால் சூடு வந்தது போலத் தெரிகிறது. ஆனால் அந்தச் சூடு அப்படியே காற்றோடு போய்விடும். அரை மணித்தியாலத்தில் முன்பைவிடக் குளிர்ந்து போவான், அது அவனுக்குத் தெரியவும் தெரியாது. இரவில் பாறை விளிம்பில் தடுமாறி விழுவது வேறு. முகாமுக்குப் போகிற பையில் போத்தல் இருக்கிறதா என்று பெற்றோர் பார்ப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. குளிர் தாங்காமல் கரிநெருப்பைச் சட்டியில் எடுத்துக் கூடாரத்துக்குள்ளே வைப்பது, அல்லது காஸ் அடுப்பை உள்ளே எரிப்பது. மூடிய கூடாரத்தில் அந்த நெருப்பு காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையல் எப்போதும் வெளியே.

எடுத்துப் போக விலை உயர்ந்த சாமான் ஒன்றும் வேண்டாம். தடித்த கம்பளி ஆளுக்கு ஒன்று, முழுதாக ஒரு சோடி மாற்றுத் துணி (பொலித்தீன் பையில் கட்டி, படுக்கும்போது மட்டும் உடுத்த), கம்பளித் தொப்பி, கொழுந்து எடுக்கும்போது போடும் படங்கு, கழுவிக் காய்ந்த சாக்கு இரண்டு கீழே விரிக்க. உரமோ மருந்தோ வந்த சாக்கு வேண்டாம். டோர்ச் லைட், மேலதிக பற்றரி. ரொட்டியும் சம்பலும் தோற்றுப்போகிற சாப்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். கூடவே நிலக்கடலையும் கருப்பட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

மலைக்குப் போய் இறந்த இளைஞர் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தால் அனேகமாக அது நீர்வீழ்ச்சியில் நடந்ததாகத்தான் இருக்கும். நமது பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. படித்துக் கொடுக்க யாரும் இல்லை, குளமும் இல்லை. ஆனால் குளிப்பதற்கு இறங்குவது நீந்தத் தெரிந்தவனுக்கும் பயம் தருகிற இடத்தில்.

நீர்வீழ்ச்சியின் அடியிலுள்ள மடுவில் மூன்று பொல்லாப்புகள். தண்ணீர் கடும் குளிர், குதித்த உடனே மூச்சு தானாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அடுத்தது, விழும் தண்ணீர் காற்றைக் கலக்கி நுரையாக்கி வைத்திருப்பதால் அந்த நுரைத் தண்ணீர் ஆளைத் தாங்காது, மிதக்க முடியாது. மற்றது, மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியிலே சுழற்சி இருந்து பாறைக்குக் கீழே இழுக்கும். பாறை வழுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீர்வீழ்ச்சியின் தலைப்பக்கத்தில் நின்று படம் எடுப்பது இதைவிட மோசம்.

ஆறு, ஓடை ஓரத்தில் கூடாரம் அடிக்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும், மேலே மூன்று கட்டைக்கு அப்பால் மழை கொட்டியிருக்கும். அரை மணித்தியாலத்தில் முழங்கால் தண்ணீர் தலைக்கு மேலே வரும். தண்ணீர் நிறம் மாறினால், குச்சியும் இலையும் மிதந்து வந்தால், சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். லக்சபானை, நோட்டன் பிரிட்ஜ், மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடும் மழையில் வான்கதவுகள் திறக்கும். சங்கு ஊதினால் குளித்தது போதும்.

ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்றப் பின்னால் குதிக்காதீர்கள், ஒன்று இரண்டாகிவிடும். கரையில் நின்று சேலையை, கயிற்றை, நீளமான கம்பை நீட்டுங்கள். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேனை எறிந்தால் அதைப் பிடித்து மிதக்கலாம். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கித் தண்ணீர் எடுப்பதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும் வேலை. மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பு நடந்தால் போய்ப் பழகுங்கள்.

குளவி, அட்டை, சிறுத்தை

குளவியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனாலும் ஒரு விளக்கம் உதவும். குளவி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு இருக்கிறது. பெரிய மரத்திலும் பாறையிலும் கறுத்த அடையாகத் தொங்குவது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. காகிதம் போன்ற கூடு கட்டுவது உண்மைக் குளவி, தெபரா. மலைத்தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலே நிற்கும், அது நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும், உடனே நகத்தால் வழித்து எடுங்கள். புகை, வாசனைத் தைலம், கூச்சல், கல்லெறி இவைதான் அவற்றைக் கிளப்பிவிடுவன. கூடாரம் அடிக்கும் முன் மேலே பாருங்கள், அடை தெரிந்தால் அடுத்த மலைக்குப் போங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓடுவது ஒன்றே வழி. தண்ணீரில் மூழ்கினாலும் மேலே காத்துக்கொண்டு நிற்கும். கொட்டு வாங்கியவருக்கு உதடு, கண் வீங்கினால், மூச்சு முட்டினால் தோட்ட டிஸ்பென்சரியில் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போக வேண்டும்.

அட்டைக்கு நமது பெண்கள் செய்கிற சவர்க்கார வைத்தியம் போதும். கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள்.

சிறுத்தை மனிதனைத் தேடி வருவதில்லை. அது தேடுவது மானையும் பன்றியையும் நமது நாயையும். ஆகவே நாயைக் கூட்டிப் போகாதீர்கள், அந்தி மயங்கிய பிறகு தனியாக ஒதுங்காதீர்கள். கண்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஆளைக் கூட்டிச் சுற்றி வளைத்துப் பார்க்கப் போனால்தான் பாயும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, பிறகு இறந்து போனதை நாடே பேசியது. பன்றிக்கு வைக்கும் சுருக்கு யாருடைய காலிலும் மாட்டும். காட்டோரத்தில் அதைக் கண்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வைத்தவர் நமது ஆளாக இருந்தாலும் சரிதான்.

நெருப்பும் கழிவும்

மானாப் புல் காய்ந்திருக்கும் காலத்தில் ஒரு பீடித் துண்டு போதும், மலை முழுவதும் எரிந்து முடியும். குட்டைக் காடு ஒரு தடவை எரிந்தால் அந்த இடத்தில் புல்தான் வரும், மரம் திரும்ப வளர ஒரு மனிதரின் ஆயுள் போதாது. பீலி வற்றுவது அப்படித்தான். தீ வைப்பது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. அனுமதி உள்ள இடத்தில் மூட்டினாலும் சின்னதாக மூட்டி, சுற்றிலும் புல்லைச் செதுக்கி, போகும்போது தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் இன்னும் அணையவில்லை.

மலசலம் கழிக்க ஊற்றுக்கும் ஓடைக்கும் குறைந்தது எண்பது அடி எட்டிப் போட்டு விலகிப் போய், ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். மேலே இருந்து வரும் தண்ணீரைத்தான் பணிய லயத்துப் பிள்ளை குடிக்கிறது. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை. பொலித்தீனை ஹோட்டன் சமவெளி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு வாசனைக்காக மரைகள் அதை விழுங்கிவிடும் என்பது காரணம். நமது மலையில் வாசலும் இல்லை, பார்ப்பாரும் இல்லை, ஆகவே கொண்டு போன பையிலேயே திருப்பிக் கொண்டு வர வேண்டும். உடைந்த போத்தலைத் தேயிலைக்குள் எறிகிறவன் தன் தாயின் காலுக்குக் கீழேதான் எறிகிறான்.

தொழில் நோக்கில் ஒரு வார்த்தை. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பெக்கோ நடைபாதை பெரும்பாலும் நமது பழைய தோட்டப் பாதைகளாலேயே போகிறது. அதில் நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்ட, சமைத்துக் கொடுக்க ஆள் தேவைப்படும். வழிகாட்டியாக முறைப்படி வேலை செய்ய சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஓரளவு ஆங்கிலமும், மேலே சொன்ன முதலுதவியும் தெரிந்த பிள்ளைக்கு இடம் இருக்கிறது. மலையை நன்றாகத் தெரிந்தவன் நமது பிள்ளையாக இருக்க, கூலிக்குச் சாமான் தூக்குகிறவனாக மட்டும் அவன் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

புறப்படும் முன்

நாலு பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்குக் கால் முறிந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இரண்டு பேர் உதவிக்கு இறங்கலாம். கூடாரம் அடித்து முடிக்கும் வேலையைப் பின்னேரம் நாலு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும். பனிமூட்டம் இறங்கி வழி தவறினால் இறங்க வழி தேடி ஓடையைப் பிடித்துக்கொண்டு போவது பலரும் செய்வது. நமது மலையில் ஓடை போய் முடிவது பாறை விளிம்பில். நின்ற இடத்திலேயே ஒன்றாக இருந்து, விசில் ஊதி, வெளிச்சம் வரும் வரை காத்திருங்கள்.

கைத்தொலைபேசியை நம்பிப் போகாதீர்கள், மலை மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது. ஒரு துண்டுக் கடதாசியில் யார் யார் போகிறோம், எந்த மலை, எந்த வழியால் ஏறி எந்த வழியால் இறங்குவோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் ஒன்று, கண்டக்டர் ஐயாவிடமோ நலன்புரி அலுவலகத்திலோ ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தியும் வரவில்லை என்றால் பெற்றோர் அடுத்த நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. அம்புலன்ஸ் தோட்டத்து ஏற்றப் பாதையில் ஏறிவர நேரம் பிடிக்கும். ஆகவே அழைக்கும்போதே எந்தச் சந்தியில் நிற்பது என்று பேசிக்கொண்டு, தோட்ட லொறியிலோ ஓட்டோவிலோ ஆளை அந்தச் சந்திக்கு இறக்கி வையுங்கள்.